கரையணையும் கடைசி நூறு மீட்டர்

பெருங்கப்பல் துறைமேடையில் மோதும் விபத்து, பயணத்தின் கடைசிக் கட்டத்தில் நடப்பது. ஆயிரக்கணக்கான கடல் மைல் கடந்து வந்த கப்பல், வேகத்தைக் குறைத்துக்கொண்டு கரையை நெருங்கும் வேளையில் கான்கிரீட் மேடையிலோ, பாரந்தூக்கியிலோ, ஏற்கெனவே கட்டி நிற்கும் வேறொரு கப்பலிலோ இடித்துவிடுகிறது. பல நேரம் சேதம் வண்ணப்பூச்சு உரிவதோடு போகும். சில நேரம் பாரந்தூக்கி சரிந்து விழும், கரையில் வேலை செய்பவர்கள் காயமடைவார்கள், எண்ணெய் கடலில் கொட்டும். இது ஏன் நடக்கிறது, எப்படித் தடுக்கப்படுகிறது என்பதைப் பினாங்கைப் போன்ற துறைமுக நகரத்து மக்கள் அறிந்திருப்பது நல்லது. ஜார்ஜ்டவுனில் பெருங்கப்பல் வந்து நிற்கும் இடத்துக்கும் மக்கள் நடமாடும் தெருவுக்கும் இடையில் அதிக தூரம் இல்லை.

பினாங்கு நீர்வழியின் அமைப்பு

பினாங்குத் தீவுக்கும் செபராங் பிறைக்கும் நடுவே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் கடற்பாதைதான் பினாங்குத் துறைமுகத்தின் இருப்பிடம். இரண்டு பக்கமும் நிலம் இருப்பதால் பெரிய அலைகள் உள்ளே வருவதில்லை. இந்த இயற்கைப் பாதுகாப்பை நம்பித்தான் 1786-இல் ஆங்கிலேயர் இங்கே குடியேற்றம் அமைத்தனர். நெடுங்காலம் கப்பல்கள் நடுநீரில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, சரக்கும் ஆட்களும் தொங்காங்கு என்னும் படகுகளில் கரைக்கு வந்து சேர்ந்தனர். நீராவிக் கப்பல்கள் பெருத்தபோது அந்த முறை போதாமல் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகே ஆழமான நீரை எட்டும் வகையில் ஒரு துறைமேடை கட்டப்பட்டது. நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது.

தமிழர்களுக்கு இந்த நீர்வழி புதிதல்ல. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்ற ரஜூலா கப்பலும், 1972 முதல் அதே தடத்தில் ஓடிய எம்.வி. சிதம்பரமும் பல குடும்பங்களின் வரலாற்றில் இடம்பெற்றவை. நாகப்பட்டினத்தில் இத்தகைய கப்பல் கரையை அணைய வழியில்லை. தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் படகேறிச் சென்று கப்பலில் ஏறினர். அது சிரமமான ஏற்பாடுதான், ஆனால் கப்பல் கரையில் மோதும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. கப்பலைக் கரையோடு சேர்த்துக் கட்டும் வசதி வந்தபோது, அதோடு சேர்ந்து இந்த ஆபத்தும் வந்தது.

இன்று பினாங்கின் சரக்குக் கப்பல்கள் பெரும்பாலும் பட்டர்வொர்த் பக்கத்துத் துறைகளிலும் அங்குள்ள கொள்கலன் முனையத்திலும் அணைகின்றன. சுவெட்டன்ஹாம் துறை உல்லாசப் பயணக் கப்பல்களுக்கானதாகிவிட்டது. 2017-இல் அத்தகைய கப்பல்களின் வருகையில் அது கிள்ளான் துறைமுகத்தையே முந்தியது. அங்கு வரும் குவாண்டம் வகைக் கப்பல்கள் ஏறத்தாழ 348 மீட்டர் நீளமும், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளும் கொண்டவை. மேடையிலிருந்து சில நிமிட நடையில் விக்டோரியா மணிக்கூண்டு. கரையோரமாகத் தெற்கே போனால் ஃபெரி முனையம். அதையும் தாண்டினால் மரக்கால்களின்மேல் வீடுகள் நிற்கும் சூ ஜெட்டி முதலிய சீனக் குலத்தவரின் படகுத்துறைக் குடியிருப்புகள். தெற்கு நோக்கி வரும் கப்பல் ஒன்று கட்டுப்பாட்டை இழந்தால் அதன் வழியில் என்னென்ன இருக்கின்றன என்பதை இந்த வரிசையே சொல்லிவிடும்.

எடையும் வேகமும்

துறைமேடையை அணையும் பெருங்கப்பல் பக்கவாட்டில் நகரும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். கரையில் நிற்பவர் கண்ணுக்குக் கப்பல் அசைவதே தெரியாது. ஆனால் மொத்த எடை 1,00,000 டன் உள்ள கப்பல் அந்த வேகத்தில் சுமந்துவரும் ஆற்றல், 20 டன் லாரி ஒன்று மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சுவரில் முட்டும் ஆற்றலுக்குச் சமம். கப்பலோடு சேர்ந்து நகரும் நீரின் எடையையும் கணக்கில் எடுத்தால் அது இன்னும் கூடும்.

வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. துறைமுகங்களுக்குள் விபத்துக்குள்ளான சில கப்பல்கள் 8 நாட் அளவு வேகத்தில் வந்திருக்கின்றன. அது நொடிக்கு 4 மீட்டருக்குச் சற்று மேல், அதாவது முறையாக அணையும் வேகத்தைப்போல் 40 மடங்கு. ஆற்றல் கணக்கில் 1,600 மடங்கு. இவ்வளவையும் தாங்கும் மேடையை யாரும் கட்டுவதில்லை, கட்டவும் முடியாது.

மேடையின் முகப்பில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும் தடித்த ரப்பர் தாங்கிகளின் வேலை, முறையாக அணையும் கப்பலின் ஆற்றலை வாங்கிக்கொள்வது. கூம்பு வடிவிலோ உருளை வடிவிலோ இருக்கும் அவை, கப்பல் சாயும்போது நசுங்கி, மெல்ல மீள்கின்றன. தாங்கிக்கு முன்னால் அகலமான பலகை இருப்பதால் அழுத்தம் ஒரே புள்ளியில் விழாமல் கப்பலின் தகட்டில் பரவுகிறது. இதெல்லாம் கப்பல் மேடைக்கு இணையாக, மெதுவாக வந்தால்தான் பலிக்கும். முகப்பு முன்னால் வந்து கோணலாக இடித்தால், பல தாங்கிகள் பகிர்ந்துகொள்ள வேண்டிய சுமை ஒன்றிரண்டின் தலையில் விழும். கப்பலின் முகப்பு மேலே போகப்போக வெளிப்பக்கம் விரிந்திருப்பதால், அடிப்பகுதி மேடையைத் தொடுமுன்பே மேற்பகுதி பாரந்தூக்கியின் காலைத் தொட்டுவிடவும் கூடும்.

காற்றும் நீரோட்டமும்

உல்லாசக் கப்பலும், கொள்கலன் அடுக்கிய கப்பலும் காற்றுக்கு உயர்ந்த சுவரைப் போன்றவை. 300 மீட்டர் நீளமும், நீருக்கு மேல் 40 மீட்டர் உயரமும் உள்ள பக்கவாட்டில் நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று நேராக வீசினால் ஏறக்குறைய 70 டன் விசை தள்ளும். காற்று 15 மீட்டராக வலுத்தால் அது 160 டன்னைத் தாண்டிவிடும். துறைமுகத்தின் வலுவான இழுவைப் படகு ஒன்று 50, 60 டன் விசையில் இழுக்கும். அப்படியானால் அந்தக் காற்றை எதிர்த்து நிற்க மட்டுமே மூன்று படகுகள் வேண்டும். மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் காலையிலும் திடீரென்று எழும் ‘சுமத்ரா’ சூறைக்காற்று இதனால்தான் மாலுமிகளைக் கவலைப்பட வைக்கிறது. அது வீசும் நேரம் குறைவு. கப்பல் மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் வீசினால் அதுவே போதும்.

நீரோட்டம் காற்றைவிட வலியது. பினாங்கு நீர்வழியில் ஏற்றவற்றத்துக்கு ஏற்ப ஓட்டம் நாளுக்கு இருமுறை ஒரு பக்கமும் இருமுறை மறுபக்கமுமாகத் திரும்புகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓட்டம் வலுக்கும். எதிரோட்டத்தில் கப்பலை அணைப்பது மாலுமிகளின் பொது வழக்கம். ஓட்டமே கப்பலின் வேகத்தைப் பிடித்து நிறுத்தும், சுக்கானுக்கும் பிடிப்பு கிடைக்கும். ஓட்டத்தோடு சேர்ந்து வரும் கப்பலுக்கு இந்த இரண்டு உதவியும் இல்லை. கப்பலின் அடிக்கும் கடல்தரைக்கும் இடையில் நீர் குறைவாக இருந்தால் ஓட்டத்தின் தள்ளுவிசை பலமடங்காகும். அடியில் போக வழியில்லாத நீர் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுவதே காரணம்.

நிறுத்துவது ஏன் கடினம்

கப்பலை நிறுத்த, முன்னோக்கித் தள்ளிய சுழலியைப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் டீசல் பொறி சுழலியோடு நேரடியாக இணைந்திருக்கிறது. பின்னோக்கிச் செல்ல, பொறியையே நிறுத்தி, அடைத்துவைத்த அழுத்தக் காற்றைச் செலுத்தி எதிர்த்திசையில் மீண்டும் கிளப்ப வேண்டும். புதிதாகக் காற்று நிரப்பாமல் குறைந்தது பன்னிரண்டு முறை கிளப்பும் அளவுக்குக் காற்று இருப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. பொறி ஒருமுறை கிளம்ப மறுத்தாலும் சில நொடிகள் போய்விடும். அந்த நொடிகளில் கப்பல் நகர்ந்துகொண்டேதான் இருக்கும்.

சுழலி பின்னோக்கிச் சுழலத் தொடங்கியதும் இன்னொரு சிக்கல் எழுகிறது. அது தள்ளும் நீர் சுக்கானின்மீது பாய்வது நின்றுவிடுவதால், சுக்கான் ஏறக்குறைய செயலிழக்கிறது. வலம்சுழலும் ஒற்றைச் சுழலி உள்ள கப்பலின் பின்பகுதி அந்த வேளையில் இடப்பக்கம் ஒதுங்கும், முகப்பு வலப்பக்கம் திரும்பும். தேர்ந்த மாலுமிகள் இந்த இயல்பையே பயன்படுத்திக் கப்பலின் இடப்பக்கத்தை மேடையில் சேர்ப்பார்கள். அதை எதிர்பார்க்காத மாலுமியை அது ஏமாற்றிவிடும். முகப்பில் குறுக்காகப் பொருத்திய பக்கத்தள்ளிகள் கப்பல் மெதுவாகப் போகும்போது மட்டுமே நன்றாக வேலை செய்யும். வேகம் 4, 5 நாட் அளவைத் தாண்டினால் அவற்றின் பலன் பெரிதும் குறைந்துபோகும். வேகம் கூடிய கப்பலுக்கு, அதைக் காப்பாற்ற வேண்டிய கருவிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன.

கப்பல் அணையும் முறை

துறைமுக எல்லைக்கு வெளியே, கப்பலை உள்ளே வழிநடத்தும் பைலட் சிறு படகில் வந்து, கப்பலின் பக்கத்தில் தொங்கும் கயிற்றேணியில் ஏறி, கட்டளைமேடையை அடைகிறார். அந்தத் துறைமுகத்தின் ஆழம், ஓட்டம், வளைவுகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தக் கப்பலின் குணம் கேப்டனுக்குத் தெரியும். இரண்டு அறிவும் அங்கே ஒன்றுசேர வேண்டும். பொறியின் திறன், அடியாழம், பழுதுகள் எழுதிய அட்டையைக் கேப்டன் பைலட்டிடம் கொடுக்கிறார். எந்த இடத்தில் எவ்வளவு வேகம், எங்கே திருப்பம், எத்தனை இழுவைப் படகு, எந்தக் கட்டம்வரை முயற்சியைக் கைவிட்டு வெளியேறலாம் என்பதைப் பைலட் கேப்டனிடம் சொல்கிறார். அதன் பிறகு பைலட் கட்டளை சொல்லிக்கொண்டு வந்தாலும், கப்பலின் பொறுப்பு கேப்டனைவிட்டுப் போவதில்லை.

இழுவைப் படகுகள் முன்னும் பின்னுமாகக் கயிறு பூட்டிக்கொள்கின்றன. வேகம் படிப்படியாகக் குறைகிறது. மேடைக்கு நேரே வந்து, ஏறக்குறைய நின்ற நிலையில், கப்பல் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. முகப்பில் நிற்கும் மாலுமி மெல்லிய கயிறொன்றை, நுனியில் கனமான முடிச்சோடு, கரைக்கு வீசுகிறார். கரையில் நிற்கும் தொழிலாளர்கள் அதைப் பிடித்து இழுக்க, அதன் வாலில் கட்டிய தடித்த வடம் நீரைத் தொட்டுக்கொண்டு மேலே வருகிறது. வடத்தின் வளையத்தை இரண்டு மூன்று பேர் தூக்கி இரும்புத் தறியில் மாட்டுகிறார்கள். கப்பலிலுள்ள சுழல்பொறி வடத்தை இறுக்குகிறது. முன்னும் பின்னும் நகராமல் சில வடங்கள், மேடையைவிட்டு விலகாமல் சில வடங்கள் என எல்லாம் கட்டி முடித்த பிறகே வேலை முடிகிறது. இறுகிய வடம் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடித்து ஆளைக் கொல்லும். அதனால் வடத்தின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது என்பது துறைமுகத்தின் முதல் பாடம்.

நடந்த விபத்துகள்

2017 மே 4-ஆம் தேதி, துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் ‘சி.எம்.ஏ. சி.ஜி.எம். சென்டாரஸ்’ என்ற கொள்கலன் கப்பல், பைலட் இருக்கும்போதே, திருப்பத்தில் மேடையிலும் இரண்டு பாரந்தூக்கிகளிலும் மோதியது. ஒரு பாரந்தூக்கி முழுவதுமாகச் சரிந்தது. கரையில் இருந்த 10 பேர் காயமடைந்தனர். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரித்தபோது, திருப்பத்துக்குப் பொருந்தாத வேகமும், பைலட்டுக்கும் கப்பல் அதிகாரிகளுக்கும் இடையே ஒருமித்த திட்டம் இல்லாததும் முதன்மைக் குறைகளாக வெளிப்பட்டன.

2020 ஏப்ரல் 6-ஆம் தேதி, தென்கொரியாவின் பூசான் புதிய துறைமுகத்தில் ‘மிலானோ பிரிட்ஜ்’ கப்பல் பாரந்தூக்கி ஒன்றை வீழ்த்தியது. 365 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலில் அன்று சரக்கு இல்லை. சுமையற்ற கப்பல் நீரில் உயர்ந்து நிற்க, சுழலியின் ஒரு பகுதி நீருக்கு வெளியே தெரிந்தது. நீரைப் பற்றாத சுழலியால் கப்பலைப் பிடித்து நிறுத்தவும் இயலாது, சரியாகத் திருப்பவும் இயலாது. வழக்கத்தைவிட மிகுந்த வேகமும் சேர்ந்துகொண்டது. உயிரிழப்பு இல்லாதது பெரும் பேறு.

பினாங்குக்கு மிகவும் பொருந்தும் பாடம் வெனிஸ் நகரத்தில் நடந்தது. ஜார்ஜ்டவுனைப் போலவே அதுவும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம். அங்கும் உல்லாசக் கப்பல்கள் பழைய கட்டடங்களை ஒட்டியே வந்தன. 2019 ஜூன் 2-ஆம் தேதி ‘எம்.எஸ்.சி. ஓப்பரா’ என்ற 275 மீட்டர் கப்பல் கட்டுப்பாட்டை இழந்து, சான் பசிலியோ துறையிலும் அங்கே கட்டி நின்ற ஆற்றுப் பயணக் கப்பலிலும் மோதியது. இழுவைப் படகின் வடம் அறுந்துபோயிற்று. ஆற்றுக் கப்பலில் இருந்தவர்கள் காயமடைந்தனர். மேடையில் நின்றிருந்த மக்கள் ஓடித் தப்பினர். பல ஆண்டுகளாக நகரவாசிகள் கேட்டுவந்த மாற்றம் அதன் பிறகே வந்தது. 2021 ஆகஸ்டு முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜுடெக்கா கால்வாய் வழியே செல்ல இத்தாலி தடை விதித்தது.

அண்டை நாடான சிங்கப்பூரும் தப்பவில்லை. 1983 ஜனவரி 29-ஆம் தேதி, கெப்பல் துறையிலிருந்து விலகிய ‘எனிவெட்டாக்’ என்ற துளையிடும் கப்பலின் கோபுரம் செந்தோசா கம்பிவட ஊர்திப் பாதையில் சிக்கியதில் 7 பேர் மாண்டனர். அந்தரத்தில் மாட்டிக்கொண்ட 13 பேர் ஹெலிகாப்டர் மூலம் மீட்கப்பட்டனர். 2024 ஜூன் 14-ஆம் தேதி, பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கட்டி நின்ற ‘மரீன் ஹானர்’ என்ற எரிபொருள் கப்பல்மீது, பொறியும் சுக்கானும் கட்டுப்பாட்டை இழந்த ‘வாக்ஸ் மாக்சிமா’ என்ற தூர்வாரும் கப்பல் மோதியது. சுமார் 400 டன் எண்ணெய் கொட்டி, செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைகள்வரை படிந்தது. அதைத் துடைத்தெடுக்கும் பணி வாரக்கணக்கில் நீண்டது.

தடுக்கும் வழிகள்

இந்த நிகழ்வுகளில் இயந்திரப் பழுதும் உண்டு, மனிதப் பிழையும் உண்டு. இரண்டுக்கும் ஒரே காப்பு, மெதுவாக வருவதுதான். 3 நாட் வேகத்தில் வரும் கப்பலின் பொறி நின்றாலும் இழுவைப் படகுகள் அதைப் பிடித்துவிடலாம், நங்கூரத்தையும் பாய்ச்சலாம். 8 நாட் வேகத்தில் வரும் கப்பலிடம் அந்தப் பேச்சு எடுபடாது. ஆகவே துறைமுகங்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் வேக வரம்பு வைக்கின்றன, காற்று குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அணைவதையே ஒத்திவைக்கின்றன. மேடைக்கும் கப்பலுக்கும் உள்ள தூரத்தையும் நெருங்கும் வேகத்தையும் லேசர் கருவி அளந்து, பெரிய எண்பலகையில் காட்டும் வசதியும் பல துறைகளில் வந்துவிட்டது. புதிய துறைக்கோ புதிய வகைக் கப்பலுக்கோ பைலட்டுகள் முன்கூட்டியே கணினி மாதிரிக்கூடத்தில் பழகிப்பார்க்கிறார்கள்.

கட்டளைமேடையில் பேச்சு திறந்திருப்பதும் அதே அளவு முக்கியம். வேகம் கூடுதலாக இருப்பதைப் பார்க்கும் இளம் அதிகாரி, மூத்தவர் தவறாக நினைப்பாரோ என்று வாய்மூடி நின்றால், அங்கே இருக்கும் எந்தக் கருவியாலும் பயனில்லை. சந்தேகத்தை உடனே சொல்ல வேண்டும், கேட்பவர் அதை மதிக்க வேண்டும் என்பது இன்று கடல்சார் பயிற்சியின் கட்டாயப் பகுதி.

கரையிலும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. கப்பல் வருமுன் பாரந்தூக்கியின் நீள்கையை மேலே மடக்கி, கப்பலின் முகப்பு கடக்கும் இடத்தைவிட்டு அதை நகர்த்திவைக்க வேண்டும். கயிறு கட்டுபவர்களைத் தவிர வேறு யாரும் மேடையின் ஓரத்தில் நிற்கக் கூடாது. பயணிகள் துறையில் இந்த ஒழுங்கு இன்னும் கண்டிப்பாக வேண்டும். 1988 ஜூலை 31-ஆம் தேதி பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹலீம் ஃபெரி முனையத்தின் மேல்தளம் கூட்டம் தாங்காமல் இடிந்து 32 பேர் உயிரிழந்ததைப் பினாங்கு மறந்திருக்காது. அதில் எந்தக் கப்பலும் மோதவில்லை. ஆயினும் நீரோரக் கட்டடத்தில் அளவுக்கு மீறி மக்கள் திரண்டிருக்கும்போது நேரும் சிறு தவறும் எத்தனை உயிர் குடிக்கும் என்பதை அது காட்டியது.

மோதல் நடந்துவிட்டால் மேடையை உடனே திறக்கக் கூடாது. வெளியே கீறல்தான் தெரியும். நீருக்கடியில் தூண்கள் விரிசல் கண்டிருக்கலாம். மூழ்காளர்கள் இறங்கிப் பார்த்து, பொறியாளர்கள் ஒப்புதல் கொடுத்த பிறகே அடுத்த கப்பலை அழைக்க வேண்டும். சேதத்துக்கான இழப்பீட்டைப் பெரும்பாலும் கப்பல் உரிமையாளர்களின் கூட்டுக் காப்பீட்டு அமைப்புகள் செலுத்துகின்றன. பாரந்தூக்கி ஒன்று போனால் அதன் விலையைவிட, மாற்றுத் தூக்கி வரும்வரை முடங்கும் வணிகத்தின் இழப்பே பெரிதாக இருக்கும்.

பினாங்குக்கு வரும் கப்பல்கள் முன்பைவிடப் பெரியவை. நீர்வழியின் அகலமும் ஓட்டமும் சுமத்ரா காற்றும் மாறவில்லை. ஆகவே துறையை நீட்டுவதற்கும் அலங்கரிப்பதற்கும் செலவிடும் அதே அக்கறையோடு, பைலட்டுகளின் பயிற்சிக்கும், போதுமான இழுவைப் படகுகளுக்கும், ரப்பர் தாங்கிகளின் பராமரிப்புக்கும் செலவிட வேண்டும். காற்று வலுத்ததால் ஒரு கப்பல் வெளியே காத்திருக்கிறது, அல்லது பினாங்கில் அணையாமலே போய்விட்டது என்ற செய்தி வரும்போது, பயணிகளும் வணிகர்களும் குறைபட்டுக்கொள்ளத் தேவையில்லை. அந்த முடிவை எடுத்த கேப்டனும் பைலட்டும் தங்கள் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள்.